பறந்து சென்றோரும் நடந்து சென்றோரும்
எலிசபெத் எலியட்டின் நூல் குறித்து ஒரு திறனாய்வு

அருட்பணி இலக்கியத்தில் சிறு விமானத்திற்கு நிலையான ஓர் இடத்தைத் தேடித்தந்த நூல் எது என்று கேட்டால், எலிசபெத் எலியட் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘த்ரூ கேட்ஸ் ஆஃப் ஸ்ப்ளெண்டர்’ என்பதையே நாம் சுட்டவேண்டும். நம் சபைகளின் மிஷனெரிக் கூடுகைகளில் இந்நூலின் கதை பலமுறை பிரசங்கிக்கப்பட்டிருக்கிறது. நூலைக் கையில் எடுத்திராதவர்களும் ஐந்து இரத்தசாட்சிகளையும், மஞ்சள் நிற விமானத்தையும், குராராய் ஆற்றின் மணற்கரையையும் அறிவார்கள். அறிந்த கதையை மீண்டும் ஆராய்வதற்குக் காரணம் உண்டு. இந்நூலிலிருந்து நம் பிரசங்கங்கள் எடுத்துக்கொண்ட பாடத்திற்கும், நூலாசிரியை தம் வாழ்க்கையால் எழுதிக்காட்டிய பாடத்திற்கும் இடையே வேறுபாடு இருக்கிறது என்பது நம் கருத்து. ஊழியத்திற்கு ஆயத்தப்படும் மாணவர்கள் அவ்வேறுபாட்டை உணர்ந்துகொள்வது நலம்.

நூல் கூறும் வரலாறு

இரண்டாம் உலகப்போரில் வானூர்திப் பணியிலிருந்த கிறிஸ்தவர் சிலர், 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு விமான ஊழிய இயக்கத்தைத் தொடங்கினார்கள். ‘மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப்’ என்று இன்று அறியப்படுவது அதுவே. அதன் முதல் ஊழியப் பயணத்தை 1946ஆம் ஆண்டில் மெக்சிகோவுக்கு ஓட்டிச் சென்றவர் பெட்டி கிரீன் என்னும் பெண்மணி. அவ்வியக்கத்தின் விமானியாக நேட் செயிண்ட் என்பவர் 1948ஆம் ஆண்டில் ஈக்வடார் நாட்டின் கீழ்த்திசைக் காட்டுப்பகுதிக்கு வந்து, ஷெல் மேரா என்னும் ஊரில் தங்கினார். அவ்வூரின் பெயரே அதன் வரலாற்றைச் சொல்லும். ஷெல் எண்ணெய் நிறுவனம் அமைத்து, பின்னர் கைவிட்டுச் சென்ற இறங்குதளம் அது.

அக்காட்டில் வாவோரானி என்னும் மக்கள் வாழ்ந்தார்கள். ‘அவ்கா’ என்றே அண்டையிலிருந்த கிச்சுவா மக்கள் அவர்களை அழைத்தனர். காட்டுமிராண்டி என்பது அதன் பொருள். நேட் செயிண்டும், ஜிம் எலியட், எட் மெக்கல்லி, பீட் ஃப்ளெமிங், ராஜர் யூடேரியன் ஆகிய மிஷனெரிகளும் இம்மக்களை அணுகத் திட்டமிட்டனர். 1955ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் முதல் வாரந்தோறும் விமானத்திலிருந்து பரிசுப்பொருள்கள் இறக்கப்பட்டன. 1956 ஜனவரி 3ஆம் நாள் ஆற்று மணலில் விமானம் இறங்கியது. ஜனவரி 6ஆம் நாள் ஒரு மனிதனும் இரு பெண்களும் வந்து அவர்களோடு பகற்பொழுதைக் கழித்தார்கள். ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஐவரும் ஈட்டிகளால் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்ட ஜிம் எலியட்டின் மனைவியே இந்நூலாசிரியை.

நூலின் தகுதி

கணவனை இழந்து ஓராண்டு கடந்த நிலையில் எழுதப்பட்ட நூல் இது. ஆயினும் புலம்பலுக்கு இதில் இடமில்லை. இறந்தோரின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் அவரவர் குரலிலேயே பேசவிட்டு, ஆசிரியை பெரும்பாலும் ஒதுங்கி நிற்கிறார். ஷெல் மேராவில் வானொலிக் கருவியின் முன் அமர்ந்திருந்த நேட்டின் மனைவி மாலை நான்கரை மணிச் செய்திக்குக் காத்திருந்ததும், செய்தி வராமற்போனதும் மிகச் சில சொற்களில் கூறப்படுகின்றன. துயரத்தை இவ்வளவு அடக்கமாய் எழுதக் கற்றுக்கொள்வது பிரசங்கிகளாகிய நமக்கும் பயன்தரும்.

விமானப் பணியின் நுட்பத்தையும் நூல் செவ்வையாய் விளக்குகிறது. நேட் செயிண்ட் கைத்திறன் மிக்கவர். நீண்ட கயிற்றின் முனையில் ஒரு வாளியைக் கட்டி, விமானத்தை இறுக்கமான வட்டத்தில் சுற்றச் செய்தால், வாளி வட்டத்தின் நடுவில் ஏறக்குறைய அசையாது தொங்கும் என்பதைக் கண்டறிந்தவர் அவர். இறங்குதளமே இல்லாத இடத்தில் மருந்தைக் கொடுக்கவும் கடிதத்தை வாங்கவும் இம்முறை வழிசெய்தது. ஒரே எஞ்சினுள்ள விமானத்திற்கு எரிபொருள் தடைப்பட்டால் மாற்றுவழியில் கிடைக்கும்படி ஓர் அமைப்பையும் அவர் உருவாக்கினார். நாள்கணக்கில் சேற்றிலும் மழையிலும் நடக்கவேண்டிய தொலைவை நிமிடக்கணக்கில் கடக்கச் செய்யும் இப்பணியினால், காட்டுக்குள்ளிருந்த ஊழியர் குடும்பங்களும் நோயுற்ற காட்டுமக்களும் உயிர்பிழைத்தார்கள். இதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

விமானியின் இருக்கையிலிருந்து

ஆயினும் நூலின் நடுப்பகுதியை ஊன்றிப் படிப்பவர் ஒன்றைக் காண்பார். பரிசுப்பொருள் இறக்கிய வாரங்களின் வரலாறு பெரிதும் நேட் செயிண்டின் குறிப்புகளிலிருந்து வருகிறது. ஆகவே வாசகரின் கண்ணும் விமானியின் இருக்கையிலேயே இருக்கிறது. வாவோரானி மக்கள் கீழே ஓடுகிறார்கள், கையசைக்கிறார்கள், பொருள்களைப் பொறுக்குகிறார்கள். அவர்கள் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. எஞ்சினின் இரைச்சலே கேட்கிறது.

முதலில் இறக்கப்பட்டது வண்ண நாடாக்கள் கட்டிய ஒரு சிறு அலுமினியக் கெண்டி. பின்னர் வெட்டுக்கத்திகளும் துணிகளும் இறங்கின. கீழிருந்தோரும் கயிற்றில் பொருள்களைக் கட்டி அனுப்பினார்கள். இறகு வைத்த தலையணி வந்தது. உயிருள்ள கிளி வந்தது. புகையிலிட்ட குரங்கு வால் வந்தது. ஒரு வீட்டின் கூரைமேல் மரத்தால் செய்த விமான உருவம் ஒன்று வைக்கப்பட்டிருந்ததையும் மேலிருந்தோர் கண்டார்கள். இவற்றை நட்பின் அடையாளங்களாக அவர்கள் கொண்டதில் வியப்பில்லை. ஆனால் அந்த மர விமானத்தைச் செய்தவன் என்ன நினைத்துச் செய்தான் என்று கேட்க, மேலே பறந்தவர்களுக்கு மொழி இல்லை. ஒலிபெருக்கியில் சில வாக்கியங்களை முழக்கினார்கள். மறுமொழியைப் புரிந்துகொள்ளும் திறன் அவர்களிடம் இல்லை.

வாவோரானி மக்கள் வெளியாரை ‘கொவோடி’ என்றனர். கொவோடிகள் மனிதரைத் தின்பவர் என்பது அவர்களது அச்சம். இரப்பர் வணிகக் காலத்தில் வெளியார் இழைத்த கொடுமைகளும், பின்னர் எண்ணெய் ஆய்வாளரோடு நேர்ந்த மோதல்களும் அவ்வச்சத்தை வளர்த்திருந்தன. அவர்களுக்குள்ளும் பழிக்குப்பழி வாங்கும் ஈட்டிக் கொலைகள் தலைமுறைகளாய்த் தொடர்ந்தன. இத்தகைய மக்களின் தலைக்குமேல் வட்டமிடும் இயந்திரம் எதைக் குறிக்கும்? நூல் இவ்வினாவை எழுப்பவில்லை. 1957ஆம் ஆண்டில் அதற்கு விடைசொல்லக்கூடியவர் எவரும் ஆசிரியைக்குக் கிடைத்திருக்கவில்லை என்பதே அதற்குக் காரணம். ஜனவரி 6இல் வந்த மனிதனுக்கு மிஷனெரிகள் ‘ஜார்ஜ்’ என்று தாங்களே பெயரிட்டார்கள். அவனுடைய உண்மைப்பெயர் நங்க்கிவி என்பதும், உடன்வந்த இளம்பெண்ணை முன்னிட்டு எழுந்த குடும்பச் சச்சரவை மறைக்க அவன் சொன்ன பொய்யே கொலைக்குத் தூண்டுதலாயிற்று என்பதும், அம்மக்களின் வாய்மொழியாகப் பிற்காலத்தில் தெரியவந்தவை. நேட்டின் மகன் ஸ்டீவ் செயிண்ட் இதனை 1996ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார்.

மொழி எங்கே இருந்தது?

இவ்விடத்தில் நூல் மெலிதாகத் தொட்டுச்செல்லும் ஓர் உண்மையை நாம் அழுத்திக் கூறவேண்டும். மொழி அருகிலேயே இருந்தது. தாயூமா என்னும் வாவோரானிப் பெண், தன் இனத்தாரின் கொலைகளுக்கு அஞ்சித் தப்பிவந்து, ஒரு பண்ணையில் வேலைசெய்து கொண்டிருந்தாள். நேட்டின் உடன்பிறந்த சகோதரியாகிய ரேச்சல் செயிண்ட் 1955ஆம் ஆண்டிலேயே அவளிடம் மொழியைக் கற்கத் தொடங்கியிருந்தார். ஜிம் எலியட்டும் அவளிடம் சென்று சில வாக்கியங்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். எதற்காகக் கேட்டார் என்பதைச் சொல்லவில்லை. ஐவரும் திட்டத்தை இரகசியமாக வைத்தனர். ரேச்சலிடமும் அதைத் தெரிவிக்கவில்லை.

இரகசியத்திற்கு அவர்கள் கொண்ட காரணம் அற்பமானதன்று. செய்தி பரவினால் வேறு பலர் காட்டுக்குள் புகுந்து கெடுத்துவிடுவர் என்று அஞ்சினார்கள். ஆயினும் விளைவு என்னவெனில், மொழி அறிந்த ஒருத்தியும், மொழி கற்கும் ஒருவரும் இருக்க, மொழி அறியாத ஐவர் முந்திச் சென்றார்கள். அவ்வாறு முந்திச் செல்வதை இயலச்செய்தது விமானம். நடந்து செல்லவேண்டியிருந்தால் வழிகாட்டி வேண்டும். வழிகாட்டியோடு பேச மொழி வேண்டும். மொழி கற்க ஆண்டுகள் வேண்டும். பாதை நீளமாயிருக்கும்போது அப்பாதையே ஊழியனுக்குப் பள்ளிக்கூடமாகிறது. விமானம் பாதையைச் சுருக்கும்போது பள்ளிக்கூடத்தையும் சுருக்கிவிடக்கூடும். நூல் வெளிப்படையாய்க் கூறாவிடினும், அதன் பக்கங்களிலிருந்து நாம் பெறும் முதல் எச்சரிக்கை இதுவே.

கதவை அடைக்கும் உரிமை

அழைப்பின்றிப் போகலாகாது என்று நாம் வாதிக்கவில்லை. யோனாவை நினிவே அழைக்கவில்லை. மக்கெதோனியன் ஒருவன் தரிசனத்தில் அழைக்குமுன் பவுல் பல பட்டணங்களுக்கு அழைப்பின்றியே சென்றிருந்தான். அனுப்புகிறவர் தேவன் என்பது அருட்பணியின் அடிப்படை. ஆனால் அனுப்பப்பட்டவர் எவ்வாறு போகவேண்டும் என்பதையும் ஆண்டவர் கற்பித்திருக்கிறார். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் எழுபது பேரை அனுப்புகையில், அவர்கள் ஒரு வீட்டில் பிரவேசித்துச் சமாதானம் கூறவேண்டும் என்றும், வைத்ததைப் புசிக்கவேண்டும் என்றும், ஏற்றுக்கொள்ளாவிட்டால் காலில் ஒட்டிய தூசியைத் துடைத்துவிட்டுப் போகவேண்டும் என்றும் கட்டளையிட்டார். இதில் வீட்டாருக்கு ஓர் உரிமை இருக்கிறது. அவர்கள் கதவைத் திறக்கலாம், அடைக்கவும் செய்யலாம். வருகிறவன் பணப்பையும் இன்றி, அவர்கள் தயவை நம்பி நிற்கிறான்.

வானிலிருந்து வருகிறவனுக்கு முன்பாக அடைப்பதற்குக் கதவில்லை. மேலிருந்து இறங்கும் பரிசை வேண்டாமெனச் சொல்லவும் வழியில்லை. கொடுப்பவன் உயரத்திலும், பெறுகிறவன் கீழேயும் இருக்கும் உறவாக அது தொடங்குகிறது. பிலிப்பியர் 2ஆம் அதிகாரம் கூறும் தாழ்மையின் வழிக்கு இது எதிர்த்திசை. ஐவரும் தாழ்மையற்றவர்கள் என்று இதனால் பொருள்படாது. தங்களிடமிருந்த துப்பாக்கிகளை வாவோரானியரின் உயிருக்கு எதிராகப் பயன்படுத்துவதில்லை என்று தீர்மானித்தவர்கள் அவர்கள். அத்தீர்மானத்திற்குத் தங்கள் உயிரை விலையாய்க் கொடுத்தார்கள். இக்கதையில் சிலுவையின் சாயல் விழுவது அம்மணற்கரையில்தான், விமானம் தரையிலிறங்கி அதில் வந்தவர்கள் தற்காப்பின்றி நின்ற அந்நேரத்தில்தான்.

விமானத்தை அழைப்போடு இணைத்த வேறொரு முன்மாதிரியும் வரலாற்றில் உண்டு. ஆஸ்திரேலியாவில் பிரஸ்பிட்டேரியன் போதகராகிய ஜான் ஃப்ளின், உள்நாட்டுப் பாலைநிலங்களில் மருத்துவரின்றி மாண்டவர்களுக்காகப் பல ஆண்டுகள் உழைத்து, 1928ஆம் ஆண்டில் கிளன்கரி என்னும் ஊரிலிருந்து பறக்கும் மருத்துவர் பணியைத் தொடங்கினார். மறு ஆண்டில் ஆல்ஃபிரட் டிரேகர் அமைத்த, காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவி தொலைவிலுள்ள குடியிருப்புகளுக்குக் கிடைத்தது. விமானத்தை அழைக்கும் ஆற்றல் அதனால் வீட்டாரின் கைக்கு வந்தது. அழைத்தவர் வீட்டுக்கு விமானம் சென்றது. இரண்டு நாடுகளின் சூழ்நிலைகளும் ஒன்றல்ல எனினும், எந்த ஊழிய விமானத்தைக் குறித்தும் கேட்கத்தக்க கேள்வி இதிலிருந்து கிடைக்கிறது: இதை அழைக்கவும், வேண்டாமென்று திருப்பி அனுப்பவும் கீழே இருக்கிறவர்களால் முடியுமா?

நடந்து சென்றோர்

நூலாசிரியை ஈக்வடாரைவிட்டு ஓடவில்லை. 1957 நவம்பரில் வாவோரானிப் பெண்கள் இருவர் காட்டைவிட்டு வெளியே வந்தபோது, அவர்களைத் தம்மோடு தங்கச்செய்து மொழி கற்றார். 1958ஆம் ஆண்டில் அவ்விருவரும் தாயூமாவும் தங்கள் மக்களிடம் திரும்பிச் சென்று, பின்பு அழைப்போடு வந்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் எலிசபெத் எலியட்டும், மூன்று வயதுச் சிறுமியாகிய அவருடைய மகளும், ரேச்சல் செயிண்டும் காட்டுவழியே சென்று, தங்கள் கணவனையும் சகோதரனையும் கொன்றவர்களின் நடுவே குடியிருந்தார்கள். விமானம் அப்போதும் பயன்பட்டது. அங்கே குடியிருந்தோருக்குத் தேவையான பொருள்களை இறக்கிற்று. வழிதிறந்தவர்கள் மூன்று பழங்குடிப் பெண்கள். விமானம் அவர்களுக்குப் பின்னால் வந்தது. நம் பிரசங்கங்களில் ஐவரின் பெயர் சொல்லப்படும் அளவுக்குத் தாயூமாவின் பெயர் சொல்லப்படாதது பெருங்குறை.

இவ்வாழ்வைப் பற்றி அவர் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி சாவேஜ் மை கின்ஸ்மன்’ என்னும் நூலை முந்தியதோடு சேர்த்தே படிக்கவேண்டும். காட்டுமிராண்டி என் உறவினன் என்று பொருள்படும் அத்தலைப்பிலேயே பார்வை மாறியிருக்கிறது. படங்கள் தரையிலிருந்து எடுக்கப்பட்டவை. மனிதருக்கு அவரவர் பெயர் இருக்கிறது. தம்மைக் கொடுக்கிறவராகவும் அவர்களைப் பெறுகிறவராகவும் எண்ணிய நிலை தளர்ந்து, அவர்களிடம் கற்கிறவராக ஆசிரியை பேசுகிறார். 1966ஆம் ஆண்டில் அவர் எழுதிய ‘நோ கிரேவன் இமேஜ்’ என்னும் நாவலில், மிஷனெரி ஒருத்தியின் உழைப்பு மனிதக் கணக்கில் பலனற்றுப்போவதைக் காட்டினார். வெற்றிக்கதைகளை விரும்பிய வாசகர் பலருக்கு அது கசந்தது. முதல் நூலின் பிற்காலப் பதிப்புகளில் சேர்த்த பின்னுரையிலும், ஐவரின் மரணத்திற்கு எளிய கணக்கு எழுதி முடித்துவிடலாகாது என்றே அவர் எச்சரித்தார். தம் புகழ்பெற்ற நூலை முதலில் திறனாய்வு செய்தவர் அவரேயென்று கூறலாம்.

பிற்கால வரலாறு நமக்கு இருவகையாய்ப் பேசுகிறது. பழிக்கொலைகள் பெரிதும் குறைந்தன. அம்மக்கள் அழிவிலிருந்து தப்பினார்கள். அதே வேளையில், எண்ணெய் நிறுவனங்கள் காட்டுக்குள் வந்த 1960களின் பிற்பகுதியில், சிதறியிருந்த குடிகளைத் தேடி ஒரே இடத்தில் சேர்க்க விமானம் பயன்பட்டது. 1969ஆம் ஆண்டில் அக்குடியேற்றத்தில் போலியோ பரவிப் பலர் இறந்தார்கள். நல்ல நோக்கத்தோடு விரைவாய்ச் செய்யப்பட்டவற்றிற்கும் கணக்கு ஒப்புவிக்கவேண்டியிருக்கிறது. 1990களில் ஸ்டீவ் செயிண்ட் வாவோரானியரின் விருப்பத்திற்கிணங்க அவர்களிடையே வாழச் சென்று, மருத்துவம், விமானம் முதலியவற்றின் கருவிகளை அவர்களே கையாளவேண்டுமென்று உழைத்தார். விமானம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு இது ஒரு நேரிய விடை.

நம் கடமை

இக்கேள்விகள் தொலைதேசத்துக்கு மட்டும் உரியவையல்ல. 2018 நவம்பரில் அந்தமானைச் சேர்ந்த வட சென்டினல் தீவில், சட்டத்தின் தடையை மீறி இறங்கிய ஓர் அமெரிக்க இளைஞர் கொல்லப்பட்டபோது, பலரும் அதை 1956ஆம் ஆண்டின் நிகழ்ச்சியோடு ஒப்பிட்டார்கள். அவர் சென்றது படகில். ஆயினும் மொழியின்றி, பரிசுகளோடு, மறைவாகச் செல்லுதல் என்னும் முறை ஒன்றே. நோய்த்தடுப்பு ஆற்றலற்ற ஒரு சிறு கூட்டத்தின் உயிர், நம் ஆர்வத்தைக் காட்டிலும் தேவனுக்கு அருமையானது என்பதை நம் மேடைகள் சொல்லவேண்டும்.

ஊழிய விமானங்களுக்காக ஜெபிப்பதும் கொடுப்பதும் நல்லதே. பாலமும் சாலையும் மருத்துவமனையும் இல்லாத நாடுகளில் அவை இன்றும் உயிர்காக்கின்றன. ஆனால் மிஷனெரி ஞாயிறுகளில் ஏசாயா 60:8இல் வரும் மேகத்தைப்போல் பறப்போரை விமானத்திற்கு ஒப்பிட்டு நிறுத்திவிடும் பிரசங்கி, அதே தீர்க்கதரிசன நூலின் 52:7ஐயும் திறக்கவேண்டும். அங்கே மலைகளின்மேல் அழகாயிருப்பவை பாதங்கள். எத்தியோப்பிய மந்திரியினிடத்தில் அனுப்பப்பட்ட பிலிப்பும் இரதத்தை நோக்கி ஓடினான். வாசிப்பது விளங்குகிறதா என்று கேட்டான். ஏறி உட்காரும்படி வேண்டிக்கொள்ளப்பட்ட பின்பே ஏறினான். ஆவியானவர் அவனைக் கொண்டுபோனது ஞானஸ்நானத்திற்குப் பிறகு.

ஆகவே மாணவர்களுக்கு நாம் கூறுவது இது. ‘த்ரூ கேட்ஸ் ஆஃப் ஸ்ப்ளெண்டர்’ நூலை மரியாதையோடு படியுங்கள். அதை மூடியவுடன் ‘தி சாவேஜ் மை கின்ஸ்மன்’ நூலைத் திறவுங்கள். ஐவரின் மரணத்தைப் பிரசங்கிக்கும் நாளில் தாயூமாவின் நடையையும் பிரசங்கியுங்கள். அனுப்பப்படும் இடத்தின் மொழியைக் கற்க எத்தனை ஆண்டு கொடுப்பீர்கள் என்று உங்களை நீங்களே கேளுங்கள். எத்தனை விரைவில் போய்ச்சேர்வோம் என்பது அதற்குப் பின்பு கேட்கவேண்டிய கேள்வி.